சாயா

கரண்டு இல்லாதது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான்.
எதிர் புளோக்கில் எல்லாச் சன்னல்களிலும்
தொலைக்காட்சியின் நீலம்.
செந்தூல் அடுக்குமாடி, பதினோராம் தளம்.
நான் வேலைவிட்டு வந்தபோது
ஐஸ்பெட்டிக்குள் கெம்போங் மீன்
தன் பனியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

விரல் தானாக அண்ணன் எண்ணைத் தேடியது.
இருட்டிலும் அதற்கு வழி தெரியும்.
ஜொகூரில் இரண்டு முறை அடித்திருக்கும்.
மூன்றாவதற்குள் துண்டித்துவிட்டேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
நாற்பத்து மூன்று வயதாகிறது, அதுவாக இருக்கலாம்.

குமரேசன் பையைத் தூக்கிக்கொண்டு போன மாதம்
அண்ணன் குணாளன் சொன்னான்:
நீ எதையும் யோசிக்காதே.
நான் சொன்னபடி கேட்கிறவள்.
ஒன்பது வருடம் எதையும் யோசிக்கவில்லை.
கடித உறைகளைப் பிரிக்காமல் மிலோ டின்னில் போட்டேன்.
டின் நிறைந்ததும் இன்னொரு டின்.
வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது.
போனவன் செய்த துரோகம், ஏழாமிடத்துச் சனி,
ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய அப்பா.
நல்ல கதை. கேட்டு அழுதிருக்கிறார்கள்.
மளிகைக்கடை பாக்கியத்தக்கா
ஒருமுறை பத்து வெள்ளிகூடக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு கைப்பேசி வெளிச்சத்தில் டின்னைக் கவிழ்த்தேன்.
மார்ச், ஏப்ரல், எல்லாம் கட்டியிருக்கிறான்.
மே மாதத்தோடு நின்றுவிட்டது.
மே மாதம் அவனுக்கு வேலை போனது.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துவிட்டு
தடித்த போர்வைக்குள் சுருண்டவள் நான்தான்.
எந்தச் சனியும் வந்து அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு. மழை.
எல்ஆர்டியில் என் குடையிலிருந்து வழிந்த தண்ணீர்
ஒரு சீனக் கிழவரின் காலணியை நனைத்தது,
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மின்சார அலுவலகத்தில் எண் மூவாயிரத்து அறுபத்திரண்டு.
நோராய்னி என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
அறுநூற்று எண்பத்து மூன்று வெள்ளி நாற்பது சென் என்றாள்,
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல.
கணக்கு இன்னும் குமரேசன் பெயரில்.
அவரே வரவேண்டும் என்றவள்
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு வேறொரு பாரத்தை என் பக்கம் தள்ளினாள்.
பெயரை மாற்றினால் பாக்கியும் சேர்ந்து வரும், பரவாயில்லையா?
சியாப்பா தங்குங்?
யார் தாங்குவது?

சாயா, என்றேன்.

மலாயில் அதற்கு 'நான்'. அவ்வளவுதான்.
ஆனால் எனக்குள் எங்கோ
ஐந்தாம் படிவத் தமிழ்த் தேர்வுத்தாள் படபடத்தது.
சாயாத் தூண். சாயாச் சுவர்.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று
மனப்பாடம் செய்து எழுதி
ஒரே ஒரு மதிப்பெண் வாங்கிய சொல்
இருபத்தாறு வருடம் எங்கே இருந்துவிட்டு
இன்றைக்கு வாயில் வந்தது?

பெருமைப்பட ஒன்றுமில்லை.
அதைச் சொல்லும்போது நான்
முகப்பு மேசையில் இரண்டு முழங்கையும் ஊன்றி
நன்றாகச் சாய்ந்துதான் நின்றிருந்தேன்.
முழங்கால் வலி.

தைப்பூசச் சேலைக்கு எடுத்துவைத்த இருநூறைக் கட்டினேன்.
மீதிக்கு மூன்று தவணை.
கையெழுத்து கோணலாக விழுந்தது,
அடையாள அட்டையில் இருப்பதுபோல இல்லை.
நோராய்னி கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் ஐஸ்பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு
மறுபடி முனகத் தொடங்கியது.
மீன் கெட்டிருந்தது.
கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன்,
லிஃப்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள்.
அதுவும் என் கணக்கில்தான்.

திரும்பி வந்தால் அண்ணனின் செய்தி:
நேற்று கூப்பிட்டியாம்மா? என்ன வேணும்?

ஒன்றும் வேண்டாம் என்று எழுதி அழித்தேன்.
கரண்டு என்று தொடங்கி அதையும் அழித்தேன்.
உனக்கு வேலை கிடைத்ததா, சாப்பிட்டாயா
என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறான்.
நிறுத்துகிறான்.
மறுபடி எழுதுகிறான்.